கை இருந்தும் கையில்லாதவர் – ஊன ஈட்டுரிமையின் வரலாறு

ஆரியசாலை என்று எழுதத் தொடங்கினாலே நம்மவர் மனம் காந்தளூர்ச் சாலைக்குப் போய்விடும். ராசராசன் கலமறுத்தது இந்தச் சாலையிலா, கலம் என்றால் கப்பலா, உண்கலமா என்று விவாதிக்கத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. ஆனால் இம்முறை நான் எழுத வந்தது மன்னர்களைப் பற்றி அல்ல. அதே சாலையில் சும்மாடு கட்டி மூட்டை சுமக்கிறவர்களைப் பற்றியும், அவர்கள் விழுந்தால் சட்டம் எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பது பற்றியும்தான்.

சாலைக் கடைவீதி பதினெட்டாம் நூற்றாண்டில், தர்மராஜா கார்த்திகைத் திருநாள் காலத்தில், திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அன்றுமுதல் இங்கே எந்தச் சரக்கும் யாரோ ஒருவர் தலையிலோ தோளிலோ ஏறித்தான் கடைக்குள் வந்திருக்கிறது. என் கடையிலும் அப்படித்தான். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பல வருஷம் என்னிடம் வேலை பார்த்தார். ஒருநாள் கிடங்கில் மூட்டை அடுக்கும்போது ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தார். வலது தோள் போயிற்று. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உதவித்தொகை ஏதும் கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தவர் சொன்னார்: "கை இருக்கு மொதலாளி, தூக்கத்தான் முடியல. அங்க வெரல எண்ணிப் பாக்காங்க."

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்தேன். எங்கள் சமண மரபில் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானம் சொல்வார்கள். ஏதோ ஒரு தானம் செய்துவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது தானம் இல்லையே! 'எனக்கு உரிமை இருக்கிறதா?' என்றுதான் கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் சட்டப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஈடு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. போரில் பட்ட வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை நம் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. நடுகற்களில் நெய்த்தோர்பட்டி என்ற சொல்லும் உண்டு. உதிரம், நெய்த்தோர் இரண்டும் குருதியைக் குறிப்பவையே. ஆனால் அது இறந்தவருக்கான ஈடு, அரசன் மனமுவந்து கொடுத்தது. உயிரோடு இருந்து உழைக்க முடியாமல் போனவரின் கணக்கு வேறு. அதை இயந்திரத் தொழில் பெருகிய பிறகுதான் உலகம் கவனித்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1884இல் விபத்துக் காப்பீடும், 1889இல் முதுமை, இயலாமைக் காப்பீடும் வந்தன. இயலாமை ஊதியம் பெற ஐந்தாண்டுச் சந்தா வேண்டும் என்று விதித்தார்கள். 'தகுதி' என்னும் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியல் உறுப்புகளுக்குச் சதவீதம் போட்டது. கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரு கைகளும் போனால் 100. எங்கள் கடைகளில் தொங்கும் விலைப்பட்டியல் மாதிரி. படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரையறையும் இருந்தது. விபத்து நடந்த வேளையில் ஒருவர் எந்தெந்த வேலைக்கு வல்லவராக இருந்தாரோ அவை அனைத்துக்கும் இயலாதவராகிவிட்டால், அது முழு ஊனம். இந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த வரிக்கு உயிர் கொடுத்தது ஒரு தச்சர் வழக்கு. 1968இல் ஒரிசாவின் ஜெய்ப்பூரில், ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். பட்டியல்படி இது பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பணம் கொடுக்கும் கடமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. 2010இல், சாலை விபத்து வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. மருத்துவர் எழுதும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் குறைந்த அளவு வேறு. ஒரே மாதிரி கையிழப்பு, ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பையே பறிக்கும்; குமாஸ்தாவுக்கு அவ்வளவு இழப்பு இராது.

இனி ஈ.எஸ்.ஐ. பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அறிக்கை கொடுத்தார், 1948இல் சட்டம் வந்தது, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. இதில் சாதாரண நோய்க்கான உதவித்தொகைக்கு ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கான நீட்டிப்புத் தொகைக்கு இரண்டாண்டு வேலைத் தொடர்ச்சி கேட்பார்கள். ஆனால் வேலையில் நேர்ந்த விபத்துக்கு அந்த நாள் கணக்கே கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் தகுதி உண்டு. நிரந்தர ஊனமானால், மருத்துவக் குழு சொல்லும் உழைப்புத்திறன் இழப்புக்கு ஏற்ப ஆயுள் முழுதும் மாதாமாதம் பணம் வரும். 1995ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத் திட்டமும் இப்படியே. வேலைக்காலத்தில் முழு நிரந்தர ஊனம் வந்தால் ஒரு மாதச் சந்தா போதும். அப்போது செய்துவந்த வேலைக்கு ஆள் தகுதியற்றவரா என்பதே பரிசோதனை.

சுமை தூக்குவோருக்குத் தனிச் சட்டங்கள் வந்தன. மகாராஷ்டிரத்தில் 1969இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம், கேரளத்தில் 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். கேரளச் சட்டத்தை ஒட்டி 1983இல் நலத்திட்டமும் வந்தது. இவற்றின் அடிப்படை பதிவு. அட்டை கையில் இருக்கிறவர்தான் நலநிதிக்கு உரியவர்.

ஆக, எந்த ஜன்னலுக்குப் போனாலும் இரண்டே கேள்விகள். உன் பெயர் ஏட்டில் இருக்கிறதா? நீ இழந்தது உறுப்பா, உழைப்பா? இரண்டாவது கேள்விக்கு எல்லாத் திட்டங்களும் ஒரே பதில் வைத்திருக்கவில்லை. 2015இல் வந்த பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்துக்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். நல்ல திட்டம்தான், ஆனால் அது உறுப்பைத்தான் எண்ணும். விபத்தில் ஒரு கை போனால் 1 லட்சம், இரு கைகளும் போனால் 2 லட்சம். அந்த ஒரிசாத் தச்சருக்கு இங்கே பாதித்தொகைதான்! வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஊனக் காப்பீடு 1956இல் வந்தது. அது தன் தொழிலை இழந்தவருக்கு மட்டும் போதாது, வேறு குறிப்பிடத்தக்க வேலையும் செய்ய இயலாதவராக வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் எடுத்துத் தரும் நீண்டகாலக் காப்பீடுகளில், பெரும்பாலும் முதல் இரண்டாண்டு 'சொந்த வேலை', அப்புறம் 'எந்த வேலையும்' என்று அளவுகோல் மாறிவிடும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

1923, 1948 சட்டங்கள் இரண்டும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் பழைய வரையறை அதிலும் தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான். ஆனால் அதற்குக் குறைந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒப்பினால் விரும்பிச் சேர வழி வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். என் கடையில் நாலே பேர். செங்கோட்டைக்காரர் பெயரை எந்த ஏட்டிலும் நான் எழுதவில்லை. சட்டப்படி என் பொறுப்பு எதுவரை என்று அன்று யாரிடமும் கேட்கவும் இல்லை. வரவு செலவு ஏட்டில் ஒரு மூட்டை விடாமல் எழுதிய கை இது. அந்த அலுவலகத்தில் விரலை எண்ணினார்கள் என்று குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இரண்டாவது கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது என்னால்தான்.

நம் சங்கக் குடும்பங்களில் கடை வைத்திருப்பவர்களும் உண்டு, கடையில் நிற்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வேலைக்குச் சேரும் அன்றே பெயரைப் பதியுங்கள். விபத்து நடந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்தில் எந்த எலும்பு முறிந்தது என்பதோடு நிறுத்தாமல், நேற்றுவரை என்ன வேலை செய்தார், இன்று எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். தானம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமை ஏட்டில் நிற்கும்.