கிப்சன் கிதார் மர வழக்கு

கிப்சன் கிதார் மர வழக்கு என்பது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் வெட்டப்பட்ட மரங்களை இறக்குமதி செய்தது தொடர்பாக அமெரிக்க அரசுக்கும் நாஷ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிப்சன் நிறுவனத்துக்கும் இடையே 2009 முதல் 2012 வரை நீடித்த சட்டப் பிணக்காகும். காட்டுக்குரிய நாட்டின் சட்டத்தை மீறி வெளியேறிய மரத்துக்கு, கடல் கடந்து அதை வாங்கியவரும் பொறுப்பேற்க வேண்டுமா என்பதே இதன் மையக் கேள்வி.

சட்டப் பின்னணி

கிதாரின் கழுத்தில் விரல் பதியும் பலகைக்கு உறுதியும் வழவழப்பும் கொண்ட கருங்காலி, ஈட்டி ஆகிய மரங்கள் விரும்பப்படுகின்றன. இவை மெதுவாக வளர்பவை. அதனால் பல நாடுகள் இவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளன. அமெரிக்காவின் லேசி சட்டம் 1900இல் வேட்டை விலங்குகள், பறவைகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க இயற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் மரங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பிற நாட்டுச் சட்டத்தை மீறிப் பெற்ற மரத்தை அமெரிக்காவில் விற்பதும் வாங்குவதும் அதன்பின் குற்றமாயின.

மடகாஸ்கர் கருங்காலி

முழுமையாகச் செய்துமுடிக்கப்படாத கருங்காலியை ஏற்றுமதி செய்ய மடகாஸ்கர் 2006இல் தடை விதித்தது. கிப்சன் ஊழியர் ஒருவர் 2008இல் அத்தீவுக்குச் சென்றபோது இத்தடையை அறிந்து மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஆயினும் கொள்முதல் தொடர்ந்தது. 2009 நவம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை அதிகாரிகள் நாஷ்வில் ஆலையில் சோதனையிட்டு, விரல்பலகைக்கான கருங்காலித் துண்டுகளைக் கைப்பற்றினர்.

இந்திய மரம்

2011 ஆகஸ்டில் நாஷ்வில், மெம்பிஸ் நகரங்களில் இரண்டாம் சோதனை நடந்தது. இம்முறை சிக்கியவை இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலித் துண்டுகள். வழக்கு வகைப்பாட்டைச் சுற்றியே சுழன்றது. அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்திருந்தது. இசைக்கருவிப் பாகங்களுக்குத் தடையில்லை. விரல்பலகைத் துண்டு இவற்றுள் எதில் சேரும் என்பதில்தான் கருத்து வேறுபட்டது. தங்கள் இறக்குமதி முறையானதே என்று நிறுவனத் தலைவர் ஹென்றி ஜஸ்கேவிச் வாதிட்டார். அமெரிக்க அரசியலிலும் இது பெரும் விவாதமானது.

உடன்பாடு

2012 ஆகஸ்டில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதமும், தேசிய மீன், வனவிலங்கு அறக்கட்டளைக்கு 50 ஆயிரம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டது. 2,61,844 டாலர் மதிப்புள்ள மடகாஸ்கர் கருங்காலி உள்ளிட்ட மரங்களின் மீதான உரிமைக்கோரலையும் கைவிட்டது. அரசு குற்ற வழக்குத் தொடரவில்லை. இந்திய மரத்தைப் பொறுத்தவரை, இந்திய அரசு தெளிவான விளக்கம் தரும்வரை அத்தகைய விரல்பலகைத் துண்டுகளுக்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

அதன் பின்னர்

ஈட்டியின் பேரினமான டால்பெர்ஜியா, ஏற்கெனவே முதல் பட்டியலிலிருந்த பிரேசில் ஈட்டி தவிர, முழுவதும் 2017 ஜனவரியில் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இசைக்கலைஞர்களும் கருவி செய்வோரும் சிரமங்களை எடுத்துரைத்ததால், அப்பட்டியலிலுள்ள டால்பெர்ஜியா மரங்களால் முழுமையாகச் செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. முதல் பட்டியலிலுள்ள பிரேசில் ஈட்டிக்கு இவ்விலக்கு பொருந்தாது.