ஏலத்திற்கு வந்த கடிகாரங்கள்: உஸ்மானியர் நேரக்கணக்கின் எச்சங்கள்

வறுமையுற்ற அன்சாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஏதும் இல்லையா என அண்ணலார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், தண்ணீர் அருந்தும் கிண்ணம் ஒன்றும் உண்டு என்றார் அவர். அவ்விரண்டையும் வருவித்துக் கையிலேந்தி, இவற்றை வாங்குவோர் யார் என அண்ணலார் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தர முன்வந்தார். அதற்கு மேல் தருவோர் உண்டா என மீண்டும் கேட்கவே, மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். ஒரு திர்ஹத்தில் குடும்பத்திற்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கப்பட்டன. பதினைந்து நாள் விறகு வெட்டி விற்ற அத்தோழர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக சுனன் நூல்களில் பதிவாகியுள்ள இச்செய்தி, ஏல விற்பனை ஆகுமானது என்பதற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று. 'பைஉல் முஸாயதா' என்பது அவ்விற்பனைக்கு அவர்கள் இட்ட பெயர். வாங்கும் எண்ணமின்றி விலையை மட்டும் ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' விலக்கப்பட்டது. நாம் வழங்கும் 'ஏலம்' என்ற சொல்லும் போர்ச்சுக்கீசிய 'லெய்லாவ்' என்பதன் வழியே தமிழுக்கு வந்ததென்றும், அதன் வேர் அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லே என்றும் சொல்லாய்வாளர் கருதுவர்.

இன்று லண்டனிலும் பாரிசிலும் இஸ்தான்பூலிலும் நடைபெறும் பழம்பொருள் ஏலங்களில் ஒருவகைக் கடிகாரங்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. லண்டன் கைவினைஞரின் பெயரும், அரபு எண்ணுருக்கள் பொறித்த முகப்பும், வெள்ளியாலும் ஆமையோட்டாலும் அமைந்த கூடுகளும் கொண்டவை அவை. 'துருக்கிச் சந்தைக்காகச் செய்யப்பட்டது' என்று ஏலப் பட்டியல் அவற்றை அறிமுகம் செய்யும். அவற்றுடன் உஸ்மானிய வெள்ளிப் பொருள்களும் வரிசையாக நிற்கும். பட்டியல் சொல்லும் செய்திகளையும், அது சொல்லாமல் விடும் ஒரு வரலாற்றையும் இங்கு நாம் காண்போம்.

கிழக்கும் மேற்கும்

கி.பி. 807இல் கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் தூதர்கள் சார்லமேன் மன்னருக்கு நீர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொண்டு சென்றதை ஃபிராங்கியரின் அரசக் குறிப்பேடு பதிவு செய்துள்ளது. மணிக்கூறுகளை உலோகக் குண்டுகள் விழுந்து அறிவிக்கும் அக்கருவி அன்றைய ஐரோப்பியரை வியக்க வைத்தது. 1206இல் அல்ஜஸரீ எழுதி முடித்த பொறியியல் நூலில் இவ்வகைக் கருவிகள் மேலும் வளர்ச்சி பெற்ற நிலையைக் காணலாம். அந்நூலின் 1315ஆம் ஆண்டுப் படியொன்று பிற்காலத்தில் தாள் தாளாகப் பிரிக்கப்பட்டது. அதன் ஓவியத் தாள்கள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டில் பரிசுகளின் திசை மாறியது. 1547ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஹாப்ஸ்பர்க் அரசர் ஃபெர்டினாண்டு, சுல்தான் சுலைமான் அவர்களுக்கு ஆண்டுதோறும் 30,000 டுகாட் பொற்காசுகள் செலுத்த ஒப்புக்கொண்டார். காசுகளுடன் ஜெர்மானிய நகரான ஆக்ஸ்பர்க்கின் வெள்ளிக் கலங்களும் விசைக் கடிகாரங்களும் சுல்தானுக்கும் வஸீர்களுக்கும் அன்பளிப்பாகச் சென்றன. கடிகாரமும் அலங்கார வெள்ளியும் ஒரே பெட்டகத்தில் இஸ்தான்பூல் சென்ற காலம் அது.

அந்நாளில் ஹாப்ஸ்பர்க் தூதராக இருந்த புஸ்பெக், துருக்கியர் பீரங்கி முதலிய பிறநாட்டுப் புதுமைகளை ஏற்பினும் அச்சு நூலையும் பொதுக் கடிகாரத்தையும் ஏற்பதில்லை என எழுதினார். பொதுக் கடிகாரம் வந்தால் முஅத்தினின் மதிப்புக் குறையுமென அவர்கள் அஞ்சுவதாக அவர் கூறிய காரணம் இன்றுவரை பல நூல்களில் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதே பத்தாண்டுகளில்தான் டமாஸ்கஸில் பிறந்த தகிய்யுத்தீன் இப்னு மஃரூஃப் (1526-1585), விசைக் கடிகாரங்களின் அமைப்பை விளக்கித் தனி நூல் இயற்றினார். 1577இல் மூன்றாம் முராத் ஆட்சியில் இஸ்தான்பூலில் எழுந்த வானாய்வகத்தில், மணியோடு நிமிடத்தையும் காட்டும் கடிகாரத்தை அவர் ஆய்வுக் கருவியாகவே பயன்படுத்தினார். 1580இல் அவ்வாய்வகம் இடிக்கப்பட்டது துயரமான உண்மை, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் கடிகாரத்தையே அச்சமூகம் வெறுத்தது என்பதற்கு இது சான்றாகாது.

லண்டன் செய்த உஸ்மானியக் கடிகாரம்

இஸ்தான்பூலின் கலாட்டாப் பகுதியில் ஐரோப்பியக் கடிகாரப் பணியாளர் பலர் குடியேறித் தொழில் செய்தனர். மெய்யியலாளர் ரூசோவின் தந்தை ஐசக் ரூசோவும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் சில ஆண்டுகள் கடிகாரப் பணி செய்தவரே. அந்நூற்றாண்டில் லண்டன் கைவினைஞர்கள் உஸ்மானிய நாட்டிற்கெனவே கடிகாரம் செய்யலாயினர். மார்க்விக் மார்க்கம், ஐசக் ரோஜர்ஸ், ஜார்ஜ் பிரையர், எட்வர்டு பிரையர் ஆகிய பெயர்கள் அச்சந்தையில் புகழ் பெற்றன. மார்க்விக் மார்க்கம் என்ற பெயருக்கு இருந்த மதிப்புக் கருதி, பின்வந்தோர் அப்பெயருடன் தம் பெயரையும் சேர்த்துப் பொறித்தனர்.

இக்கடிகாரங்கள் வாங்குவோரின் பண்பாட்டை அறிந்து செய்யப்பட்டவை. ஐரோப்பியருக்கான கடிகாரங்களில் காணும் மனித உருவங்களைத் தவிர்த்து மலர்க் கொடிகளும் இயற்கைக் காட்சிகளும் தீட்டப்பட்டன. சட்டைப்பைக் கடிகாரங்களுக்கு ஒன்றனுள் ஒன்றாக மூன்று கூடுகள் அமைந்தன. நான்காவது வெள்ளிக் கூட்டைப் பெரும்பாலும் உஸ்மானியத் தட்டாரே செய்து சேர்த்தனர். ஆகவே ஒரே கடிகாரம் இரு நாட்டுக் கைவினைஞரின் படைப்பாக விளங்குகிறது.

அதன் வெள்ளியே இந்த இரட்டைப் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பது ஆங்கிலேயரின் அளவு. அதற்குச் சான்றாக நடக்கும் சிங்கம், லண்டனைக் குறிக்கும் சிறுத்தைத் தலை, ஆண்டெழுத்து, செய்தவர் குறி ஆகியவை உட்கூடுகளில் பதிந்திருக்கும். உஸ்மானிய வெள்ளியிலோ ஆட்சியிலிருக்கும் சுல்தானின் துக்ரா முத்திரையும், 'சரியானது' எனப் பொருள்படும் 'ஸஹ்' என்ற குறியும் காணப்படும். துக்ராவில் உள்ள பெயரைப் படிக்கத் தெரிந்தவர் பொருளின் காலத்தை அறிந்துகொள்வார்.

வெள்ளியைப் பற்றிப் பேசுகையில் ஒன்றை நினைவிற் கொள்ளல் தகும். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் ஹதீஸால் விலக்கப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் கூடாதென்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஆயினும் அரண்மனைகள் எப்பொழுதும் சட்ட நூல்களின் சொற்படி நடந்ததில்லை. ஏலங்களில் வரும் வெள்ளிச் சாம்பிராணிக் கலங்களும், நம் வீட்டு விழாக்களில் கைக்குக் கை மாறும் பன்னீர்ச் செம்பின் உறவினவான 'குலாப்தான்'களும் அக்கால வாழ்வின் சாட்சிகள். அவற்றை வரலாறாகப் படிப்பது வேறு. வாங்கிப் புழங்குவது வேறு.

பன்னிரண்டு மணிக்கு மஃரிப்

இக்கடிகாரங்களின் முகப்பில் உள்ள எண்களைப் படித்துவிட்டால் மட்டும் நேரம் விளங்கிவிடாது. உஸ்மானியர் கணக்கில் நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்கும். சூரியன் மறையும் பொழுதே பன்னிரண்டு மணி. மஃரிப் தொழுகையின் நேரம் அது. இதனை 'அலாதுர்கா' நேரம் என்பர். சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் சிறிது நகர்வதால் கடிகாரத்தை அன்றாடம் திருத்தி வைத்தாக வேண்டும்.

அப்பணிக்கு உரியவர் 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளர். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் அப்பதவி வகித்த இப்னு ஷாத்திர் (1304-1375), 1371இல் அமைத்த சூரியக் கடிகாரம் இக்கலையின் உயர்வுக்குச் சான்றாகும். உஸ்மானியப் பெரும் பள்ளிவாசல்களின் அருகே 'முவக்கித்கானா' என்னும் அறைகள் இருந்தன. முவக்கித் கால்வட்டக் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து நேரத்தைக் கணிப்பார். அறையிலிருந்த லண்டன் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்துவார். தெருவில் செல்வோர் தம் இடைக்கச்சைக் கடிகாரத்தை அதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வர். புஸ்பெக் அஞ்சியதாகச் சொன்ன மோதல் இங்கே நிகழவில்லை. பாங்கிற்குக் கடிகாரம் துணையாயிற்று; கடிகாரத்தைச் சூரியன் ஆண்டது.

மௌலவிய்யா தரீக்காவைச் சேர்ந்த சூஃபிகளுள்ளும் கடிகாரக் கைவினைஞர் தோன்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஹ்மத் எஃப்லாக்கீ தெதே செய்த கடிகாரங்கள் இஸ்தான்பூலின் டோல்மாபாஹ்செ அரண்மனைக் கடிகார அருங்காட்சியகத்தில் உள்ளன.

இச்சூழலைத் துருக்கிக் குடியரசின் சட்டங்கள் முடித்துவைத்தன. 1925 டிசம்பர் 26இல் நள்ளிரவில் தொடங்கும் 24 மணிக் கணக்கு சட்டமாயிற்று. 1928இல் அரபு எண்ணுருக்களும் எழுத்துகளும் நீக்கப்பட்டன. நேற்றுவரை ஊருக்கே நேரம் சொன்ன கடிகாரங்கள், அடுத்த தலைமுறையால் படிக்கவும் இயலாத அலங்காரப் பொருள்களாயின. எஞ்சியிருந்த முவக்கித்கானாக்களும் 1952இல் மூடப்பட்டன. ஏலக்கூடத்தை நோக்கிய பயணம் இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

நைந்த பாயும் நின்ற கடிகாரமும்

ஏலத்திற்கு வரும் கடிகாரங்கள் யாவும் பள்ளிவாசலுக்கு உரியவை அல்ல. பெரும்பாலானவை குடும்பங்கள் தமக்கென வாங்கியவை; அவற்றை விற்பதில் குறையேதுமில்லை. ஆனால் அறக்கொடையாளர் பலர் பள்ளிவாசல்களுக்குக் கடிகாரங்களை வழங்கியுள்ளனர் என்பதும் வரலாறே. 'தனியார் சேகரிப்பிலிருந்து' என்று பட்டியலில் வரும் ஒற்றை வரி, இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டுவதில்லை. செய்தவர் பெயரும் வெள்ளியின் தரமும் விலையைத் தீர்மானிக்கின்றன. கொடுத்தவர் யார், எப்பள்ளியில் நின்றது, எவர் கை அதை அன்றாடம் திருத்தியது என்பவை பதிவின்றிப் போகின்றன.

இது தொலைதூர நாட்டின் கதை மட்டுமன்று. நம் பள்ளிவாசல்கள் பலவற்றிலும் முன்னோர் அளித்த ஊசற் கடிகாரங்கள் சுவரில் நின்றுபோய்த் தொங்குகின்றன. மின்னணுப் பலகை வந்த பின்னர் அவை இடத்தை அடைக்கும் சுமையாகத் தோன்றுகின்றன. பள்ளியைப் புதுப்பிக்கும்போது பழைய சாமான் வாங்குவோரிடம் அவை போய்ச் சேர்ந்துவிடும் வாய்ப்பு மிகுதி.

பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட பாய்கள் நைந்து, உத்தரங்கள் முறிந்து, எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அடைந்தால் விற்கலாம் என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் வலுவான கருத்தாகக் கொண்டுள்ளார்கள். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் நூல் அது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். நின்றுபோன கடிகாரம் எரிப்பதற்குரிய பொருளா? பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், சுருள்வில் அறுந்திருக்கலாம். பழுது நீக்கவல்ல கை கிடைத்தால் அது மீண்டும் ஓடும். பள்ளியின் பணத்தில் வாங்கப்பட்டு வக்ஃபு செய்யப்படாத பொருளின் சட்டம் வேறு. ஆனால் எது எவ்வகை என்று அறிய ஏடு வேண்டுமே!

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் ஏட்டில் தன் பள்ளியின் பழம்பொருள்களைப் பதிவு செய்தல் அரிய செயலன்று. முகப்பில் உள்ள பெயர், பெட்டியில் பொறித்த எழுத்து, கொடுத்தவர், ஆண்டு, ஒரு நிழற்படம் ஆகியவை போதும். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டத்தின் கீழ் வருவன என்பதையும், அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது என்பதையும் நிர்வாகிகள் அறிந்திருத்தல் நலம்.

தொடக்கத்தில் கண்ட அன்சாரித் தோழரின் கிண்ணம் இரண்டு திர்ஹத்தில் கைமாறியது. அது அவருடைய சொந்தப் பொருள். அதன் விலை அவர் கையில் கோடரியாகி வாழ்வளித்தது. வக்ஃபின் உடைமையோ கொடுத்தவரைவிட்டு நீங்கி அல்லாஹ்வுக்கே உரியதாகிறது என்பது நம் அறிஞர்களின் முடிவு. அதனைக் காப்பவர்களாக மட்டுமே நாம் நிற்கிறோம். இதுவரை ஏடு இல்லாத பள்ளிகளில் இவ்வாண்டேனும் அது தொடங்கப்படட்டும்.