பட்டிமண்டபமும் வேற்றுருவமும்

மெய்யியல் பேசக் கூடுகின்ற ஆசிரியர், மாணவர் வட்டங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு: இருவர் பேசுகின்றனர், ஏனையோர் வாய் திறப்பதில்லை. இதனைக் கூச்சத்தின் விளைவெனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின், கூடிப் பேசுதற்கு முறை வகுத்த பழைய நூல்களைப் புரட்டும்போது, இம்மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாகின்றது.

மணிமேகலையின் முதற் காதையில், புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், தோரணம் கட்டுமாறும் வீதிகளில் புதுமணல் பரப்புமாறும் கூறுகின்றான். அதே மூச்சில், சமயப் பொருளை வாதிப்போர் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறவேண்டும் என்றும், பகைவரிடத்தும் சினமோ கலகமோ கொள்ளாது விலகிச் செல்லவேண்டும் என்றும் அறிவிக்கின்றான். வாதம் அங்கே திருவிழாவின் ஓர் அங்கம். (இன்று பட்டிமன்றம் என்ற பெயரில் நடைபெறும் நகைச்சுவைக் கச்சேரிகளை நாம் இங்கு கருதவில்லை.)

அம்முறை யாது? கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம் உரையாடலை மூவகைப்படுத்துகின்றது. உண்மையைக் காணும் நோக்குடன் நிகழ்வது வாதம். வெற்றி ஒன்றையே வேண்டிச் சொற்புரட்டும் கையாள்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாது பிறர் கொள்கையைச் சிதைப்பது மட்டும் விதண்டை. விதண்டாவாதம் என்ற சொல் நமது வீட்டுப் பேச்சிலும் இன்றுவரை நிலைத்திருப்பது தற்செயலன்று. வாதி தோற்றவனாகக் கொள்ளப்படும் நிலைகள் அந்நூலில் 22. தமிழ்ச் சைவ நூல்கள் அவற்றைத் தோல்வித்தானம் என்னும். எதிராளி மும்முறை கூறி, அவையோரும் விளங்கிக்கொண்ட ஒன்றை எடுத்துரைக்க இயலாதவன் தோற்றான். மும்முறை கூறியும் அவைக்கு விளங்காத மொழியிற் பேசுபவனும் தோற்றான். (கலைச்சொற்களை அடுக்கி எழுதும் நம்மவர் சிலர் இதனைச் சற்றே நினைத்துக்கொள்வது நன்று.) வேறு வேலை இருக்கின்றதெனச் சாக்குச் சொல்லி இடையில் எழுந்து போவதுங்கூடத் தோல்வியே.

எனினும், விதிகள் மட்டும் போதா என்பதை வேறொரு நூல் காட்டுகின்றது. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தரை மிலிந்தன் என்ற பெயரில் நிறுத்தி, நாகசேன தேரருடன் உரையாட வைக்கும் பாளி நூல் அது. அநுராதபுரத்து மகாவிகாரையில் கி. பி. 5ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய புத்தகோசரும் அதனை எடுத்தாண்டுள்ளார். மன்னன் வாதத்துக்கு அழைத்ததும் தேரர் ஒரு நிபந்தனை விதிக்கின்றார்: அறிஞர் வாதிக்குமாறு வாதிப்பதாயின் உடன்படுவேன், அரசர் வாதிக்குமாறாயின் உடன்படேன். அறிஞர் மறுப்பர், மறுக்கப்படுவர், பிழையை ஒப்புக்கொள்வர். அதனாற் சினங் கொள்ளார். அரசரோ ஒன்றைச் சொல்வர். உடன்படாதவனுக்குத் தண்டனை விதிப்பர். மிலிந்தன் அறிஞர் முறையை ஏற்று, விகாரைப் பணியாளனோடு பேசுவதுபோலத் தன்னோடும் தயக்கமின்றிப் பேசும்படி கேட்டுக்கொள்கின்றான்.

இதன் ஆழத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தண்டிக்கும் அதிகாரம் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன், தோல்வித்தானம் 22ஐயும் மனப்பாடமாக அறிந்தவனும் ஊமையாகின்றான். நமது வட்டத்திலே செங்கோல் ஏந்தியவர் எவருமில்லை. ஆனால் விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவர் இருக்கின்றார், வேலைக்குச் சிபார்சுக் கடிதம் எழுதுபவர் இருக்கின்றார், சாதியால் உயர்ந்தவரெனத் தம்மை எண்ணிக்கொள்பவரும் இருக்கின்றார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் நாகசேனர் கேட்ட நிபந்தனையை அவரிடம் கேட்கும் துணிவு பதினெட்டு வயது மாணவனுக்கு எங்கிருந்து வரும்? மிலிந்தன் செய்தாற்போல அவரே முந்திக்கொண்டு சொன்னாலன்றி அது நடவாது.

பெண்களின் நிலை இதனினும் கடினமானது. பிருகதாரணிய உபநிடதத்தில், சனகனது அவையிலே வினாமேல் வினாத் தொடுத்த கார்க்கியை நோக்கி, மேலும் வினவினால் உன் தலை வீழ்ந்துவிடும் என்கின்றார் யாக்ஞவல்கியர். விடை தீர்ந்த இடத்தில் அச்சுறுத்தல் தொடங்குகின்றது. (கார்க்கி பின்னர் மீண்டும் எழுந்து வினவினாள் என்பதையும் சொல்லவேண்டும்.)

முரசறைந்து வாதத்தை வரவேற்ற அதே மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் பொருள் கேட்கச் செல்லும் கதாநாயகி தன் உருவத்தோடு செல்லவில்லை. இளையவள், பெண் என எண்ணி எவரும் உண்மைப் பொருளை உரையார் என்பது அவளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. எனவே மந்திரம் ஓதி, ஆண் துறவியின் வடிவெடுத்துச் செல்கின்றாள். பிரமவாதி, வைதிகன், ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பலரும் அந்தத் துறவிக்குத் தங்கள் கொள்கைகளை விரித்துரைக்கின்றனர்.

பின்னர்க் காஞ்சியில், தன்னை நன்கறிந்த அறவண அடிகள் முன் நின்று, வேற்றுருக் கொண்டு கேட்ட சமயங்களை அவ்வுருவைப் போலவே மனத்திற் கொள்ளாது விட்டேன் என்கின்றாள். அடிகள் அவளுக்கு அளவைகளிலிருந்து பாடத்தைத் தொடங்குகின்றார்.