காட்டு மான் யாருக்குச் சொந்தம்?

பிரெஞ்சு மொழியில் 'எலான்' என்பது ஒரு மிருகம், 'வாப்பிட்டி' என்பது இன்னொன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இதில் குழப்பம் வந்ததில்லை. குழப்பத்தை உண்டாக்கியவர்கள் இங்கிலீஷ்காரர்கள். ஐரோப்பாவில் அவர்கள் 'எல்க்' என்று சொன்னது எலானைத்தான். அமெரிக்கக் கரையில் போய் இறங்கியவர்கள் அங்கே ஒரு பெரிய மானைப் பார்த்ததும், ஊரில் கேள்விப்பட்ட அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நிஜ எலானை அங்கே 'மூஸ்' என்கிறார்கள். ஷானி பழங்குடி மக்கள் இந்தப் பெரிய மானுக்கு வைத்த பெயர்தான் வாப்பிட்டி. பின்புறம் வெளுத்தது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நம் காடுகளில் உள்ள கடமானின் உறவுதான் இது. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும்.

மினியாபொலிஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்ன விஷயம் இந்தப் பதிவுக்குக் காரணம். அவன் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் எல்க் வேட்டைக்குப் போகிறவர். மின்னசோட்டாவில் குடியிருந்துகொண்டு, மேற்கே உள்ள ஆறு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் போடுகிறாராம். அரிசோனாவுக்கும் வயோமிங்குக்கும் பிப்ரவரி தொடக்கத்தில், நியூ மெக்ஸிகோவுக்கு மார்ச்சில், மொன்டானாவுக்கும் கொலராடோவுக்கும் ஏப்ரலில், நெவாடாவுக்கு மே மாதத்தில். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் கெடு. வயோமிங்கிலும் நியூ மெக்ஸிகோவிலும் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். குலுக்கலில் பெயர் வராவிட்டால் விண்ணப்பச் செலவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்புவார்கள். அரிசோனாவில் முதலில் வேட்டை லைசென்ஸ் வாங்கினால்தான் வரிசையிலேயே நிற்கலாம். எந்தப் பணம் எப்போது போகும், எப்போது திரும்பி வரும் என்று மனிதர் ரிஜிஸ்டர் போட்டு வைத்திருக்கிறாராம். முப்பத்தைந்து வருஷம் கிளார்க் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் கை அரித்தது. ஒரு மானைச் சுட இத்தனை காகிதம் எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

காட்டு மிருகம் யாருடையது? பழைய ஐரோப்பாவில் அது அரசனுடையது, பிரபுவினுடையது. தன் பயிரை மேயும் மானைக் குடியானவன் தொட முடியாது. 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரெஞ்சு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழித்ததே, எங்கள் பள்ளிச் சரித்திரப் பாடத்தில் அது பெரிய இரவு. அன்று ஒழிந்தவற்றில் வேட்டைச் சலுகையும் ஒன்று. ஆனால் அந்த உரிமை போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். நிலம் யாருடையதோ அவனுக்கு அந்த நிலத்தில் வேட்டை உரிமை. நிலம் இல்லாதவனுக்குப் புரட்சிக்கு முன்னும் மான் இல்லை, பின்னும் இல்லை.

அமெரிக்கர்கள் வேறு வழி போனார்கள். 1842-இல் நியூ ஜெர்சி கடலோரத்துச் சிப்பிப் படுகை ஒன்று யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நிலக்காரர் தமக்கே என்றார். நீதிமன்றம் ஒப்பவில்லை. அரசனிடம் இருந்த உரிமை விடுதலைக்குப் பிறகு மக்களிடம் வந்துவிட்டது, மாநிலம் அதை அவர்களுக்காக வைத்துக் காக்கிறது என்றது. 1896-இல் கனெக்டிகட் மாநிலத்தில் காட்டுப் பறவைகளைச் சட்டப்படி சுட்டு, வெளிமாநிலத்துக்கு அனுப்பப் பார்த்த ஒருவர் வழக்கில் அதே வாதம் இன்னும் அழுத்தமாக வந்தது: காட்டு உயிர்கள் அந்த மாநில மக்களின் பொதுச் சொத்து, அவற்றை வெளியே விடாமல் தடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. 'மக்கள்' என்ற சொல், 'அந்த மாநில மக்கள்' என்று சுருங்கியது இப்படித்தான். பின்னால் வந்த படிவங்களில் 'உள்ளூர்', 'வெளியூர்' என்று இரண்டு கட்டங்கள் இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அதற்குள் மான் தீர்ந்துகொண்டிருந்தது. வெள்ளையர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் சுமார் 1 கோடி எல்க் இருந்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. 1900-களின் தொடக்கத்தில் அது 1 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பல்! எல்க்கின் மேல்தாடையில் தந்தம் போல இரண்டு பற்கள் உண்டு. 'எல்க்ஸ்' என்ற பெயரில் ஒரு கனவான்கள் சங்கம் அங்கே இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் கடிகாரச் சங்கிலியில் அந்தப் பல்லைக் கோத்துத் தொங்கவிடுவது வழக்கம். பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு மானை அழுக விட்டுப் போகும் கூட்டம் ஒன்று வயோமிங் மலைகளில் அலைந்தது. கடும் பனிக்காலங்களில் ஜாக்சன் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான மான்கள் தீனியில்லாமல் செத்தன. 1912-இல் அங்கே எல்க்குக்கென்றே ஒரு சரணாலயம் அமைந்தது.

மிச்சமிருந்த பெரிய கூட்டம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில். அங்கிருந்து மான்களைப் பிடித்து, ரயிலில் ஏற்றி மற்ற மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். அரிசோனாவில் சொந்த எல்க் இனம் பூண்டோடு அழிந்துபோயிருந்தது. 1913 பிப்ரவரியில் 83 எல்க் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. இன்று அரிசோனாவில் திரியும் எல்க்கெல்லாம் பெரும்பாலும் அப்படி வந்தவற்றின் வாரிசுகள். இந்த 83-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மான் பெருகியதும் வேட்டையைத் திறந்தார்கள். ஆனால் அளந்து திறந்தார்கள். இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டு இத்தனை ஆண், இத்தனை பெண் என்று கணக்கு. ஒரு மானுக்கு ஒரு சீட்டு. அதைத்தான் 'டேக்' என்கிறார்கள். சுட்டதும் தேதியைக் குறித்து உடலோடு அதைக் கட்டிவிட வேண்டும். கேட்பவர்கள் சீட்டுகளைவிட அதிகமான இடங்களில் குலுக்கல் வந்தது. வெளியூர்க்காரருக்கு விலையும் ஏறியது.

எவ்வளவு ஏறியது என்பதற்கு மொன்டானா வழக்கைச் சொல்ல வேண்டும். 1976-இல் மொன்டானாவாசி 9 டாலர் கொடுத்து எல்க் சீட்டு வாங்கலாம். வெளிமாநிலத்தார் எல்க் மட்டும் என்று கேட்க முடியாது. எல்க், மான், கரடி, பறவை, மீன் எல்லாம் சேர்ந்த கூட்டு லைசென்ஸைத்தான் வாங்க வேண்டும். விலை 225 டாலர். எல்க் மட்டுமே வேண்டுபவர் பார்வையில் இது 25 மடங்கு! அதோடு அந்த ஆண்டிலிருந்து வெளியூர்க்காரருக்கு 17,000 என்று உச்சவரம்பு. லெஸ்டர் பால்ட்வின் என்ற மொன்டானா வழிகாட்டியும் மின்னசோட்டா வேட்டைக்காரர்கள் சிலரும் வழக்குப் போட்டார்கள். ஒரு மாநிலத்துக் குடிமகனுக்குள்ள உரிமைகள் மற்ற மாநிலத்தாருக்கும் உண்டு என்று அரசியல் சட்டம் சொல்கிறதே, அது என்ன ஆயிற்று என்பது அவர்கள் கேள்வி.

1978 மே 23 அன்று தீர்ப்பு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், பிழைப்புக்கான தொழிலில் பாகுபாடு கூடாது, ஆனால் எல்க் வேட்டை பொழுதுபோக்கு, விளையாட்டு, அது நாட்டை ஒன்றாகக் கட்டிவைக்கும் அடிப்படை உரிமைகளில் சேராது என்றார். நீதிபதி பிரென்னன் எதிர்த்து எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பிளாக்மனும் அவரோடு சேர்ந்த தலைமை நீதிபதி பர்கரும் மின்னசோட்டாவில் வளர்ந்தவர்கள். ஊர்க்காரர்களுக்கே எதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். மறு ஆண்டே, 1979-இல், ஓக்லஹோமா மீன் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் 1896 தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. காட்டு உயிர்களுக்கு மாநிலம் 'சொந்தக்காரர்' என்பதெல்லாம் வெறும் கற்பனை என்றது. ஆனால் மொன்டானா தீர்ப்பை யாரும் அசைக்கவில்லை. வேர் போயிற்று, மரம் நிற்கிறது.

வெளியூர்க்காரர் பக்கம் ஒரு வலுவான நியாயம் உண்டு. இந்த மான்கள் மேயும் மலையும் காடும் பெரும்பாலும் மாநிலத்துக்குச் சொந்தமில்லை, மத்திய அரசுடையவை. நெவாடாவில் நிலத்தில் 80 சதவீதம் மத்திய அரசின் கையில். நியூயார்க்கில் வரி கட்டுபவரும் அதற்குப் பங்குதாரர்தான். நிலத்தில் பங்கு உண்டு, அதில் நிற்கும் மானில் பங்கு இல்லை. வயோமிங் ஒரு படி மேலே போய், மத்திய அரசின் வனாந்தரப் பகுதிகளில் வெளியூர் வேட்டைக்காரர் வழிகாட்டி இல்லாமல் பெரிய மிருக வேட்டையாடக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறது. அதே காட்டில் துப்பாக்கி இல்லாமல் தனியாக நடந்து போகலாம், தடையில்லை!

உள்ளூர்க்காரர் பேச்சையும் கேட்க வேண்டும். பனியிலும் குறைந்த கூலியிலும் அங்கேயே கிடப்பவன் நான், என் வேலியை உடைத்து வைக்கோலைத் தின்பதும் இந்த மான்தான், வசதியுள்ளவன் விமானத்தில் வந்து இறங்கி அள்ளிக்கொண்டு போவதா என்கிறார். குடியிருப்புச் சான்று விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வரும் மேசையில் சில வருஷம் உட்கார்ந்தவன் நான். இந்தக் குரல் எனக்குப் புதிதல்ல.

அரிசோனா கதைக்கு வருகிறேன். ரயிலில் வந்த 83 மான்கள் பல்லாயிரமாகப் பெருகியதும், அந்த மாநிலம் ஆண் எல்க் சீட்டுகளில் 10 சதவீதத்துக்கு மேல் வெளியூருக்குக் கிடையாது என்றது. நியூ மெக்ஸிகோவைச் சேர்ந்த தொழில்முறை வேட்டைக்காரர்கள் புத்திசாலித்தனமாக வாதத்தை மாற்றினார்கள். இது எங்களுக்கு விளையாட்டல்ல, வியாபாரம். மாநிலங்களுக்கு இடையிலான வியாபாரத்தை ஒரு மாநிலம் தடுக்கக் கூடாது என்றார்கள். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றது. மேற்கு மாநிலங்கள் பதறின. நெவாடா செனட்டர் ஹாரி ரீட், உள்ளூர் வெளியூர் பாகுபாடு காட்ட மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவை எழுதி, 2005 மே மாதம் ஒரு அவசரச் செலவு மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றிவிட்டார். அந்த மசோதாவின் தலைப்பைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். பாதுகாப்பு, பயங்கரவாதத்துக்கு எதிரான போர், சுனாமி நிவாரணம்! காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் அடித்த அதே சுனாமிதான். அந்தச் சட்டத்தின் ஒரு மூலையில் எல்க் மானும் உட்கார்ந்திருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. 1937-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மீதான வரி (நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இன்று 11 சதவீதம்) மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பிரித்துத் தரப்படும். ஒரு நிபந்தனை: வேட்டை லைசென்ஸ் வருமானத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. ஆக, சீட்டு விற்ற காசிலேயே இலாகா ஓடுகிறது. மொன்டானாவிலும் வயோமிங்கிலும் அந்தக் காசில் பெரும்பகுதி வெளியூர்க்காரருடையது. குறைந்த சீட்டு, நிறைந்த வருமானம்.

கட்டணம் கூடுதலாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வயோமிங் செய்வது எனக்குச் சம்மதமில்லை. 2024-இல் அங்கே வெளியூர்க்காரருக்கு எல்க் சீட்டு 692 டாலர். 'ஸ்பெஷல்' என்று இன்னொரு வரிசை, 1,950 டாலர். அதே மான், அதே காடு, அதே தேதி. கூடப் பணம் கட்டினால் குலுக்கலில் கூட்டம் குறைவு, அவ்வளவுதான். நம் ரயில்வே தத்கால் இதற்குத் தம்பி.

கடைசியாகப் புள்ளிகள். குலுக்கலில் தோற்றவருக்கு ஆறுதலாக ஆண்டுக்கு ஒரு புள்ளி தருகிறார்கள். கொலராடோவில் அது சீனியாரிட்டி லிஸ்ட் மாதிரி, அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலில். நெவாடாவில் புள்ளியைப் புள்ளியாலேயே பெருக்குவார்கள். 10 புள்ளி இருந்தால் பெட்டியில் கூடுதலாக 100 சீட்டு விழுந்த மாதிரி. வயோமிங் 2006-இல் வெளியூர்க்காரருக்கு எல்க் புள்ளி கொடுக்க ஆரம்பித்தது. நியூ மெக்ஸிகோவிலும் ஐடஹோவிலும் புள்ளியே கிடையாது. எந்த மாநிலத்தில் சேர்த்து வைப்பது, எதில் செலவழிப்பது என்பதுதான் அந்த மினியாபொலிஸ்காரரின் ரிஜிஸ்டர் முழுக்க.

சிக்கல் என்னவென்றால் வரிசையில் சேருகிறவர்கள் நகருகிறவர்களைவிட அதிகம். 10 புள்ளிக்குக் கிடைத்த நல்ல காடு, 10 புள்ளி சேர்வதற்குள் 15 கேட்கிறது. கொலராடோவின் சில பகுதிகளில் இருபது புள்ளிக்கு மேல் வேண்டும். நாற்பது வயதில் வரிசையில் நின்றவருக்கு அறுபதைத் தாண்டித்தான் முறை வருகிறது. எல்க் இருப்பதோ 9,000, 10,000 அடி உயரத்தில். சுட்டபின் 300 கிலோ மிருகத்தைத் துண்டு போட்டு முதுகில் சுமந்து இறக்க வேண்டும். மூட்டு வலி உள்ள நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புள்ளியைப் பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது, ஆளோடு போய்விடும்.

வரிசையில் நில்லாமல் கடையில் நேராகச் சீட்டு வாங்கும் வழியும் சில இடங்களில் இருந்தது. அதுவும் அடைபட்டு வருகிறது. கொலராடோவின் மேற்குப் பகுதியில் வில்வேட்டைக்கு வெளியூர்க்காரர் அப்படி வாங்கி வந்ததை 2025-இல் நிறுத்திவிட்டார்கள். ஐடஹோவில் டிசம்பர் முதல் தேதி விற்பனை தொடங்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடம் பிடிப்பார்கள். 2026 பருவத்திலிருந்து அங்கேயும் வெளியூர்க்காரருக்கு விண்ணப்பமும் குலுக்கலும்தான்.