சிவப்பு மணியும் உலைக்காற்றும்: தென்னிந்தியக் கண்ணாடி மணிகளில் செப்பு நானோ துகள்கள்

கீழடிப் பானையோடுகளின் பூச்சில் கரிம நானோ குழாய்கள் காணப்படுவதாக 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்பின் பழந்தமிழர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர் என்னும் கூற்று கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. பானையோட்டைக் காட்டிலும் இக்கூற்றைச் சோதிக்க ஏற்ற பொருள் ஒன்று தமிழகத் தொல்லியலில் நெடுங்காலமாகவே அறியப்பட்டுள்ளது. அது ஒளிபுகாச் செந்நிறக் கண்ணாடி மணி.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். இழுத்துச் செய்யப்பட்ட சிறுமணிகளும் அவற்றின் உற்பத்திக் கழிவுகளும் அங்குக் கிடைத்துள்ளன. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் கா. ராஜன் மேற்கொண்ட அகழாய்வில் 2000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் வெளிப்பட்டன. பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ எனப் பெயரிட்ட இவ்வகை இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ வரை பரவியுள்ளது.

இம்மணிகளை நிறவாரியாகப் பிரித்து எண்ணுவதே அகழாய்வறிக்கைகளின் வழக்கம். எண்ணிக்கைக்கு அது போதும். தொழில்நுட்ப வரலாற்றுக்குப் போதாது. ஏனெனில் நீலப்பச்சை மணிக்கும் சிவப்பு மணிக்கும் நிறமி ஒன்றே, செம்பு. உலையில் காற்று தாராளமாகப் புகுந்தால் செம்பு அயனியாகக் கண்ணாடியில் கரைந்து நீலப்பச்சை தருகிறது. காற்றைக் குறைத்துப் புகைமிகுந்த ஒடுக்கச் சூழலில் உருக்கினால், அயனிகள் உலோகச் செம்பாக ஒடுங்கி மிகநுண் துகள்களாகத் திரள்கின்றன. உருகலிலுள்ள இரும்பு இவ்வினைக்குத் துணைபுரிகிறது. செப்புத் துகள்களிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியுடன் ஒத்ததிர்ந்து 560 நானோமீட்டரை ஒட்டிய பச்சை, மஞ்சள் கதிர்களை உட்கவர்வதால் சிவப்பு எஞ்சுகிறது. துகள்கள் பெருத்தும் செறிந்தும் இருந்தால் ஒளி சிதறிக் கண்ணாடி ஒளிபுகாததாகிறது. ஆரஞ்சு நிற மணிகளில் காண்பது உலோகச் செம்பன்று. குப்ரஸ் ஆக்சைடு படிகம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள, கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய லைகர்கஸ் கிண்ணம் பொன், வெள்ளித் துகள்களால் நிறம் மாறுகிறது. அதன் புகழில் நூற்றில் ஒரு பங்குகூட நம் சிவப்பு மணிக்கு வாய்க்கவில்லை. இத்தகைய நிறத்திற்கான காரணத்தை அறிவியல் அணுகியதோ மிகப் பிந்தியே: பொன்னின் நுண்துகள்கள் பற்றிய பாரடேயின் ஆய்வு 1857-இல் வெளிவந்தது; மீயின் கணிதக் கோட்பாடு 1908-இல். இன்று ஒளிவடிகட்டிகளுக்காகக் கண்ணாடியில் வெள்ளி அயனிகளைச் செலுத்திச் சூடேற்றித் துகள்களை வளர்ப்பவர், அவற்றின் அளவைத் திட்டமிட்டு, அளந்து அறிகிறார். மணி செய்த கம்மியர் துகளை அறிந்தவரல்லர். அவர் அறிந்தது தீயை. எனவே ‘நானோ தொழில்நுட்பம்’ என்னும் அடைமொழி அவருக்குப் பெருமை சேர்ப்பது போல் தோன்றினும், அவருடைய உண்மையான திறனை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அத்திறன் எத்தகையது என்பதை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம்வரை நிகழ்ந்த மணித்தொழில் உணர்த்துகிறது. இரும்புக் குழாயின் நுனியில் திரட்டிய கண்ணாடிக் கட்டியை உலைவாயில் வைத்து, உள்ளே துளை அமையுமாறு நீண்ட குழலாகக் கையால் இழுப்பர். பிறகு அதைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலுடன் மீண்டும் சூடேற்றி விளிம்புகளை மழுக்குவர். பிற நிறங்களுக்கு இது இருமுறை சூடேற்றுதல் மட்டுமே. சிவப்புக்கோ இருமுறையும் இடர்ப்பாடு உண்டு. காற்று மிகுந்தால் மேற்பரப்புச் செம்பு மீண்டும் ஆக்சிஜனேற்றமடைந்து பச்சையாகவோ கருமையாகவோ திரிந்துவிடும்.

இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. கண்ணாடியை உருவாக்குவதும் மணியை இழுப்பதும் வெவ்வேறு தொழில்கள். சிவப்புக் கண்ணாடி வேறிடத்தில் உருக்கப்பட்டுக் கட்டியாக வந்திருக்கவும் கூடும். முழுமணிகளைப் பகுத்தாய்வதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. பச்சைத்தோல் படர்ந்த சிவப்புக் குழல்துண்டுகள், உலைச்சுவரில் ஒட்டிய கசடு, பாதி உருகிய கட்டிகள் ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அருங்காட்சியகப் பெட்டிகளில் ‘கழிவு’ என்னும் சீட்டுடன் கிடப்பவை இவையே.