மெல்போர்ன் ஸ்டார்ம்: முதல் பருவம் (1998)

மெல்போர்ன் ஸ்டார்ம் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்போர்னைச் சேர்ந்த ரக்பி லீக் கழகம். 1998ஆம் ஆண்டு தேசிய ரக்பி லீக் போட்டித்தொடர் தொடங்கியபோது இக்கழகமும் முதன்முறையாகக் களமிறங்கியது. 20 அணிகள் ஆடிய அத்தொடரின் புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. மறு ஆண்டே வாகை சூடியது. புதிய கழகம் ஒன்று இவ்வளவு விரைவாக உயர்ந்ததற்குப் பணபலம் மட்டும் காரணம் அன்று. அதே காலத்தில் மூடப்பட்ட கழகங்களின் ஆட்டக்காரர்கள் அதன் அணியில் பெரும்பங்கு வகித்தனர். எனவே ஸ்டார்மின் முதல் பருவ வரலாறு, மறைந்துபோன சில கழகங்களின் வரலாறும் ஆகும்.

ஆட்டமும் நகரமும்

ரக்பி லீக் 1895இல் இங்கிலாந்தின் வட பகுதியில் பிறந்தது. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஆட்டக்காரர்களுக்கு ஈடுசெய்வது தொடர்பான பூசலில், வட பகுதிக் கழகங்கள் தாய் அமைப்பிலிருந்து பிரிந்தன. ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர்; ரக்பி லீக்கில் 13 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப்பிடித்து வீழ்த்துவர். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது 'டிரை'. அதற்கு 4 புள்ளிகள். அதைத் தொடர்ந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துச் செலுத்தினால் மேலும் 2 புள்ளிகள் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவில் 1908 முதல் சிட்னி நகரமே இவ்வாட்டத்தின் கோட்டை. பிற்காலத்தில் குயின்ஸ்லாந்து மாநிலமும் அதற்கு இணையாக வளர்ந்தது. மெல்போர்னின் நிலை வேறு. அங்கே மக்கள் உயிராய்ப் போற்றுவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை. 1998இல் அந்த ஆட்டத்தின் உயர்நிலைக் கழகங்கள் மெல்போர்ன் நகரில் மட்டும் ஒன்பது இருந்தன. 1994இல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான ரக்பி லீக் ஆட்டத்துக்கு 87,161 பேர் திரண்டது உண்மை. ஆனால் ஒருநாள் வேடிக்கை பார்க்க வருவது வேறு, ஆண்டு முழுவதும் ஒரு கழகத்தைத் தாங்குவது வேறு.

பிளவும் சமரசமும்

1995இல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட் நிறுவனம் 'சூப்பர் லீக்' என்ற தனித் தொடரைத் தொடங்க முயன்றது. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையே இதன் அடிப்படை. ஆட்டக்காரர்களைத் தம் பக்கம் இழுக்க இரு தரப்பும் பணத்தை வாரி இறைத்தன. 1996இல் நீதிமன்றம் புதிய தொடருக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அத்தடை நீங்கியது. 1997இல் ஒரே நாட்டில் இரண்டு தொடர்கள் நடந்தன. பழைய அமைப்பின் கீழ் 12 அணிகள், சூப்பர் லீக்கில் 10 அணிகள் என மொத்தம் 22 அணிகள் ஆடின. ரசிகர்கள் வெறுத்துப் போயினர். கழகங்கள் கடனில் மூழ்கின.

1997 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. இரு தரப்பும் பங்காளிகளாக ஒரே தொடரை நடத்துவது என்றும், 2000ஆம் ஆண்டுக்குள் அணிகளை 14ஆகக் குறைப்பது என்றும் முடிவாயிற்று. சவுத் குயின்ஸ்லாந்து கிரஷர்ஸ், பெர்த் ரெட்ஸ், ஹண்டர் மரைனர்ஸ் ஆகிய மூன்று கழகங்கள் உடனே மறைந்தன. எஞ்சிய 19 அணிகளோடு, நியூஸ் லிமிடெட்டுக்குச் சொந்தமான மெல்போர்ன் ஸ்டார்ம் சேர்ந்து 20 ஆயின.

அணி உருவான விதம்

பிரிஸ்பேன் பிரான்கோஸ் கழகத்தின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்தவரும், சூப்பர் லீக்கை முன்னின்று நடத்தியவருமான ஜான் ரைபோ, ஸ்டார்மின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். 1995இல் கேன்டர்பரி அணியை வாகை சூடவைத்த கிறிஸ் ஆண்டர்சன் பயிற்றுநரானார். கேன்பராவிலும் பிரிஸ்பேனிலும் வாகைப் பட்டங்கள் வென்ற முன்வரிசை ஆட்டக்காரர் கிளென் லாசரஸ் அணித்தலைவரானார்.

மற்றவர்களில் பலர் வீடிழந்தவர்களைப் போல வந்து சேர்ந்தவர்கள். ராபி கெர்ன்ஸ், ராட்னி ஹோவ், மாட் கெயர் ஆகியோர் பெர்த்திலிருந்து வந்தனர். பிரெட் கிம்மர்லி, ராபி ராஸ், ஸ்காட் ஹில், ரிச்சர்ட் ஸ்வெய்ன் ஆகியோர் ஹண்டர் மரைனர்ஸில் ஆடியவர்கள். மரைனர்ஸ் திறமையற்ற அணி அல்ல. 1997இல் உலகக் கழகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்ற அணி அது. ஆனால் அதன் தளமான நியூகாசில் பகுதி மக்கள் தங்கள் பழைய அணியான நைட்ஸையே நேசித்தனர். நைட்ஸ் அதே ஆண்டில் எதிர்த்தொடரின் வாகையரும் ஆயிற்று. ஆட்டத்திறன் இருந்தும் ஆதரிக்க ஊர் இல்லாததால் மரைனர்ஸ் ஒரே ஆண்டில் முடிந்தது. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த மார்கஸ் பாய், கோல்ட் கோஸ்ட் அணியிலிருந்து வந்தார்.

முதல் பருவம்

1998 மார்ச் 14 அன்று ஸ்டார்ம் தன் முதல் ஆட்டத்தை உல்லன்காங் நகரில் இல்லவாரா ஸ்டீலர்ஸ் அணியோடு ஆடி, 14–12 என வென்றது. சொந்த மைதானமான ஒலிம்பிக் பார்க்கில் முதல் ஆட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் நார்த் சிட்னி பேர்ஸ் அணிக்கு எதிராக நடந்தது. அதைக் காண 20,000 பேருக்கு மேல் வந்தனர்.

பருவ முடிவில் ஸ்டார்மின் கணக்கு 17 வெற்றி, 6 தோல்வி, 1 சமன். பிரிஸ்பேன், நியூகாசில் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அது. இறுதிச் சுற்றுகளில் பிரிஸ்பேனிடம் தோற்று வெளியேறியது. அந்தப் பிரிஸ்பேனே அவ்வாண்டு வாகை சூடியது. இதன் அருமையை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1995இல் புதிதாகச் சேர்ந்த நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் தன் முதல் பருவத்தில் ஆடிய 22 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடம் பெற்றது. கவ்பாய்ஸுக்குத் தன்னை ஏந்திக்கொள்ளும் ஊர் இருந்தது, தேர்ந்த அணி இல்லை. ஸ்டார்முக்குத் தேர்ந்த அணி கிடைத்தது, ஊரை இனித்தான் தேட வேண்டியிருந்தது.

1999: வாகை

1998 முடிவில் அடிலெய்டு, கோல்ட் கோஸ்ட் கழகங்கள் மூடப்பட்டன. ஸ்டார்மின் முதல் எதிரியான இல்லவாரா, செயின்ட் ஜார்ஜ் கழகத்தோடு இணைந்தது. அந்த இணைந்த அணியே 1999 செப்டம்பர் 26 அன்று இறுதி ஆட்டத்தில் ஸ்டார்மை எதிர்கொண்டது. சிட்னியின் ஸ்டேடியம் ஆஸ்திரேலியாவில் 107,999 பேர் கூடினர். இடைவேளையில் ஸ்டார்ம் 0–14 எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிம்மர்லி உயர உதைத்த பந்தைக் கிரெய்க் ஸ்மித் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்தபோது, எதிரணியின் ஜேமி ஐன்ஸ்கஃப் அவருடைய தலைப்பகுதியில் மோதினார். நடுவர் தண்டனை டிரை வழங்கினார். மாட் கெயர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே செல்ல, ஸ்டார்ம் 20–18 என வென்றது. முதல் ஆட்டத்தைப் போலவே இங்கும் வேறுபாடு இரண்டு புள்ளிகளே. பந்தை உதைத்த கிம்மர்லி ஹண்டரிலிருந்தும், வெற்றிப் புள்ளிகளைச் சேர்த்த கெயர் பெர்த்திலிருந்தும் வந்தவர்கள். லாசரஸ் மூன்று வெவ்வேறு கழகங்களோடு வாகை சூடிய முதல் ஆட்டக்காரர் ஆனார்.

மதிப்பீடு

2000ஆம் ஆண்டில் திட்டமிட்டபடி 14 அணிகளே ஆடின. ஒலிம்பிக் பார்க்குக்கு ஸ்டார்மின் முதல் விருந்தாளியாக வந்த நார்த் சிட்னி, 1908 முதல் ஆடிவந்த பழம்பெரும் கழகம். அதுவும் 1999உடன் தன் தனியிடத்தை இழந்தது. ஒரு நகரில் புதிய கழகத்தை நட்டு வளர்க்க முடியும் என்பதை ஸ்டார்ம் காட்டியது. மூடப்பட்ட கழகங்களின் ஆட்டக்காரர்களுக்கு அது மறுவாழ்வும் தந்தது. ஆனால் அக்கழகங்களின் ரசிகர்களுக்கு அவ்வாறு இடம்பெயர்ந்து செல்ல வழியில்லை. பெர்த் நகரத்தையும் நார்த் சிட்னியின் கரடிச் சின்னத்தையும் இணைத்து 'பெர்த் பேர்ஸ்' என்ற அணி 2027இல் தேசியத் தொடரில் சேரும் என 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. கழகங்களை மூடிய பின்னும் அவற்றின் மீதான பற்று அழியவில்லை என்பதற்கு அந்த அறிவிப்பு சான்று.