மெல்லசைவின் வரலாறு

சீன தேசத்துத் தாய்ச்சிப் பயிற்சியை முதன்முறை காண்போர், இது நடனமோ தியானமோ என்று ஐயுறுவர். கைகள் மிதப்பன போல் எழுகின்றன. கால்கள் ஓசையின்றிப் பதிகின்றன. ஆயினும் 'தாய்ச்சி சுவான்' என்னும் முழுப் பெயரின் இறுதிச் சொல்லுக்குக் கைமுட்டி என்பதே பொருள். முட்டியின் பெயரைத் தாங்கிய கலை இத்துணை மென்மையை அடைந்தது எவ்வாறு?

சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி இதனை வகுத்தார் என்பது ஐதிகம். தாங் ஹாவ் என்னும் ஆராய்ச்சியாளரோ, ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்திற்கே சென்று ஆராய்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரரே இதன் மூலவர் என முடிவு செய்தார். சென் குடும்பத்தார் காத்துவந்த இவ்வித்தையை 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் கற்றுப் பெய்ஜிங் நகருக்குக் கொண்டு சென்றார். அவருடைய பேரர் யாங் செங்ஃபூ (1883–1936) துள்ளலையும் திடீர் வேகத்தையும் தணித்து, சீரான மெல்லசைவை நிலைநாட்டினார்.

இக்கலையின் உயிர்நாடி 'சுங்' என்னும் சொல். இதனைத் 'தளர்ச்சி' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். 'நெகிழ்வு' என்றால் ஓரளவு பொருந்தும். ஓர் அசைவுக்கு வேண்டிய தசையை மட்டும் ஏவி, வேண்டாததை ஓயவிடுதலே அது. கையை நீட்டும்போது மடக்கும் தசையும் இறுகி நின்றால், நம் உடல் நம்மோடே மல்லுக்கு நிற்கும். இடுப்பு திரும்புகிறது, கை அதனைத் தொடர்கிறது. பாரம் முழுதும் ஒரு காலுக்கு மாறிய பின்னரே மறு கால் பெயர்கிறது. முழங்கால்கள் மடிந்தே நிற்பதால் தொடைகள் கடுமையாக உழைக்கின்றன. தோளிற் காணும் எளிமைக்குத் தொடையே விலை கொடுக்கிறது!

'தள்ளும் கைகள்' என்னும் பயிற்சியில் இருவர் கையோடு கை தொட்டு நிற்பர். இறுகியவன் தன் இறுக்கத்தையே எதிரிக்குக் கைப்பிடியாகத் தந்துவிடுகிறான். நெகிழ்ந்தவனிடம் பற்றுவதற்கு ஒன்றுமில்லை.

1956-இல் சீன அரசின் விளையாட்டுக் குழு 24 நிலைகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது. அது பூங்காக்கள்தோறும் பரவிற்று. பிறந்த ஊரிலோ கலை அருகிவந்தது. அந்நிலையைக் கண்ட முதியவர் சென் சாவ்பீ, 1958-இல் ஊர் திரும்பி இளைஞருக்குக் கற்பிக்கலானார். 1966-இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சியில் பழங்கலைகள் இழிக்கப்பட்டன, அவரும் துன்புற்றார். எனினும் 1972-இல் மறையும்வரை அவர் கலையைக் கைவிடவில்லை. அவரிடம் பயின்றோர் பிற்காலத்தில் அயல்நாடுகளிலும் ஆசிரியராயினர். 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தாய்ச்சியைச் சேர்த்தது.

இயல்பான அசைவு இயல்பாக வந்துவிடுவதில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். எழுதுகோலைப் பிடிக்கையில் நம் தோள் வீணே உயர்கிறதா என்று ஒரு கணம் நோக்குவோம். அதனைத் தாழ்த்த முயல்கையில், இந்தக் கலைஞர் ஆயுள் முழுதும் பயின்றது எதற்காக என்பது ஒருவாறு விளங்கும்.